ஒரே கை ஓட்டிய கார்

இரத்மலானை விமான நிலையத்துக்குப் பின்பக்கமாக ஒரு நீளத் தெரு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தெருவில் மாடும் வராது, மனிதரும் வரமாட்டார்கள். கொழும்பின் தெற்குப் பக்கத்தில் கார் பழகியவர்களில் பாதிப்பேர் அங்கேதான் பழகியிருப்பார்கள்.

அன்று ஓட்டுநர் ஆசனத்தில் என் மனைவி சறோ இருந்தாள். பக்கத்தில் நான். பின்னால் அவளுடைய தம்பி ஜெயம், கடலைச் சரையைப் பிரித்து வைத்துக்கொண்டு, படம் பார்க்க வந்தவன் மாதிரிச் சாய்ந்திருந்தான்.

"கிளச்சை மெல்ல விடும். மெல்ல. மெல்ல எண்டு சொன்னனான் எல்லே!"

கார் மூன்று தரம் குதித்து நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தாள். இந்த முறை குதிக்கவில்லை, இருபது யார் தூரம் போயிற்று. சறோ சிரித்தாள். நாற்பது வயது ஆசிரியை அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதே நேரத்தில் என் மூக்கில் ஒரு மணம் ஏறியது. பால் அடிப்பிடித்த மாதிரி, கொஞ்சம் ரப்பரும் கலந்த மணம். கிளச் தீய்கிற மணம்.

"இறங்கும், இறங்கும். கிளச் போயிடும்."

"இன்னும் ஒருக்கா, இஞ்சருங்கோ. இப்ப பிடிபட்டிட்டுது."

"போதும் சறோ. உமக்கு ஏன் இந்த வேலை? போற இடமெல்லாம் நான் கொண்டுபோய் விடுறன்தானே."

பின்னாலிருந்து ஜெயம் சொன்னான்: "அத்தான், கிளச் பிளேட் எங்கட கடையில நூறு கிடக்கு. எனக்கு அக்கா ஒண்டுதான்."

நான் திரும்பிப் பார்த்து முறைத்தேன். சறோ இறங்கி, காரைச் சுற்றி வந்து, மற்றப் பக்கத்தில் ஏறினாள். அவள் ஓட்டுநர் ஆசனத்தில் இருந்தது மொத்தமாகப் பத்து நிமிடம் இருக்கும். அதற்குப் பிறகு இருந்ததில்லை.

போன வாரம் இந்தப் பத்தியில் வெள்ளவத்தை வீடு வாங்கிய கதையை எழுதியதும் ஒரு வாசகர் தொலைபேசியில் கேட்டார்: "வீட்டைப் பற்றி எழுதிப்போட்டியள், வாசலில நிக்கிற காரைப் பற்றி ஏன் எழுதேல்லை?" அந்தக் காரைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் போகவேண்டும் என்பதால்தான் இவ்வளவு காலமும் தள்ளிப்போட்டேன். கேட்டுவிட்டார். எழுதுகிறேன்.

தறியில் பிறந்தது

காரைச் செய்த கம்பனியின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறேன் என்று யாராவது சொல்வார்கள். கொழும்பில் ஒரு சந்தியில் ஐந்து நிமிடம் நின்றால் அந்தப் பெயர் பத்துத் தரம் உங்களைக் கடந்து போகும். அவ்வளவு போதும்.

அதன் சரித்திரம் முழுவதும் நான் ஜெயத்தின் வாயால் கேட்டது. அவன் பஞ்சிகாவத்தையில் மோட்டார் உதிரிப்பாகக் கடை ஒன்றின் கவுன்டரில் முப்பது வருடம் நின்றவன். கல்யாணம் முடிக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி அறை. வாய்தான் அவன் சொத்து. ஒரு போல்ட்டு வாங்க வந்தவனுக்கு அரை மணித்தியாலம் கதை சொல்லி அனுப்புவான். வந்தவனும் போல்ட்டை மறந்துவிட்டுப் போவான்.

"அத்தான், இவங்கள் முதல்ல கார் செய்யேல்லை. தறி செய்தவங்கள். துணி நெய்யிற தறி. நூல் அறுந்தால் தறி தானா நிண்டிடும். அதைக் கண்டுபிடிச்ச மனிசன்ர மகன்தான் காருக்கு வந்தது."

அந்த மகன் முதலில் செய்த லொறிகள் றோட்டில் அடிக்கடி நின்றனவாம். நின்ற இடத்துக்குக் கம்பனிக்காரர்களே ஓடிப்போய்த் திருத்திக் கொடுத்தார்களாம். அப்படி ஓடி ஓடித்தான் எது எங்கே உடைகிறது என்று படித்தார்களாம். இதில் எவ்வளவு உண்மை, ஜெயம் சேர்த்தது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் இதை நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

நான் கொச்சிக்கடைப் பக்கம் ஒரு கப்பல் அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்தபோது எங்கள் பெரியவர் இங்கிலிஷ் கார் வைத்திருந்தார். தோல் ஆசனம், மரப்பலகை டாஷ்போர்ட். அது நின்ற இடத்திலெல்லாம் ஒயில் சொட்டியிருக்கும். மழை பெய்தால் ஸ்டார்ட் ஆகாது, நாங்கள் நாலு கிளார்க்மார் சேர்ந்து தள்ளுவோம். தள்ளிவிட்டு வந்து, துறைமுகத்தில் இறங்கும் ஜப்பான் கார்களைப் பார்த்து "தகரம்" என்று சிரிப்போம். பிஸ்கட் டின்னை வெட்டிச் செய்தது என்போம்.

சில வருடத்தில் அந்தச் சிரிப்பு அடங்கிப் போயிற்று. பெரியவரே ஒரு தகரம் வாங்கினார். நாங்கள் தள்ளுவது நின்றது.

பிறகு ரீகண்டிஷன் கார்கள் கப்பல் கப்பலாக வந்தன. ஜப்பானில் இரண்டு மூன்று வருடம் ஓடிக் களைத்தவை இங்கே புது மாப்பிள்ளை மாதிரி வந்து இறங்கும். அப்படி இறங்கியதில் ஒன்றைத்தான் நான் வாங்கினேன். சாம்பல் நிறம், கையால் மாற்றும் கியர். பெற்றோல் மூடியைப் பார்த்து, கதவு மூலைகளைத் தட்டிப் பார்த்து, அடியில் படுத்து எழும்பி, ஜெயம்தான் அதைத் தெரிவு செய்து தந்தான். படுத்து எழும்பியவனின் முதுகு முழுக்க மண்.

"எடுங்கோ அத்தான். இதை வாங்கினவன் மெக்கானிக்கின்ர முகத்தை மறந்துபோவான்."

பிள்ளையார் கோயிலில் நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். றேடியோவில் எங்கள் ஊர் நிலையங்களில் பாதி எடுபடவில்லை. அது ஜப்பான் அலைவரிசைக்குச் செய்த றேடியோ. முன் கண்ணாடியின் மேல் மூலையில் ஜப்பான் எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. கிழிக்கவேண்டாம், அசல் ஜப்பான் என்பதற்கு அதுதான் சாட்சி என்றார்கள். கிழிக்கவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத ஒரு கடதாசியைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

இரத்மலானையிலிருந்து திரும்பிய அந்த ஞாயிற்றுக்கிழமை சறோ வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். தெகிவளைப் பாலம் தாண்டியதும் ஜெயம் பின்னாலிருந்து எட்டி அந்த ஸ்டிக்கரைத் தட்டினான்.

"அத்தான், இதில என்ன போட்டிருக்கு தெரியுமோ? 'பெண்சாதிக்கும் ஓட்டக் குடு' எண்டு போட்டிருக்கு."

சறோவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு காரில் ஏறும்போதெல்லாம் அவன் ஒன்றும் சொல்லாமல் அந்த ஸ்டிக்கரை ஒரு தட்டுத் தட்டுவான். நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

கடற்காற்றும் நானும்

வெள்ளவத்தையில் கடற்பக்க ஒழுங்கையில் இருப்பவனுக்குக் கார் ஒரு கைக்குழந்தை. உப்புக்காற்று இரும்பைத் தின்னும். காலையில் கண்ணாடியில் விரலை வைத்தால் பிசுபிசுக்கும், நக்கினால் கரிக்கும். நான் அலுவலகத்தால் வந்ததும் முதல் வேலையாகக் காரை நல்ல தண்ணீரால் கழுவுவேன். பிறகு துடைப்பேன். பிறகு கன்வஸ் சீலையால் போர்த்துவேன். அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி.

"நானும் பத்து வருசமா ஒரு போர்வை கேக்கிறன்" என்று சறோ ஒருநாள் சொன்னாள். பகிடியாகத்தான் சொன்னாள்.

ஆசனங்களுக்கு மேலே தடித்த பிளாஸ்டிக் உறை போட்டிருந்தேன். வெயிலில் ஏறினால் தொடையோடு ஒட்டும். இறங்கும்போது சர்ரென்று தோல் உரிகிற சத்தம். கல்யாண வீட்டுக்குப் பட்டுச்சேலை உடுத்துப் போகிறவளின் முதுகு நனைந்துவிடும். அந்த உறையின் கீழே இருந்த துணி என்ன நிறம் என்று எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை.

ஏன் இப்படி? வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. இந்த ஊரில் கார் ஓட்டுவதற்காக வாங்குவதில்லை, விற்பதற்காக வாங்குகிறோம். வாங்கிய நாளிலேயே விற்கப்போகும் நாளைப் பற்றிக் கதைப்போம். கோயில் வீதியில் நாலு கார்க்காரர் சேர்ந்தால் என்ன பேச்சு? ஒருவர் ஏசி குளிரில் தடிமன் பிடிக்கிறது என்று பெருமைப்படுவார். ஒருவர் கதவு சாத்தினால் தகரச் சத்தம் கேட்கிறது என்று குறைப்படுவார். இன்னொருவர், இந்தக் காரை ஓட்டுவதில் ஒரு ருசியும் இல்லை, பத்தியச் சாப்பாடு மாதிரி என்பார். கடைசியில் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வார்கள்: நடுவழியில் விடாது, விற்கும்போது விலை குறையாது.

விலை குறையாமல் இருக்கச் சில லட்சணங்கள் வேண்டும். அசல் பெயின்ட். இடிபடாத உடம்பு. எல்லாவற்றிலும் பெரிய லட்சணம், ஒரே கை ஓட்டிய கார். டிரைவர் வைக்கவில்லை, தம்பிக்குக் கொடுக்கவில்லை, மனைவி தொடவில்லை, ஒரே கை. பத்திரிகை விளம்பரங்களில் இதைப் போடுவார்கள். தரகர்கள் இதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். நான் இதை ஒரு பதக்கம் மாதிரி நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்தேன்.

சறோ பிறகும் இரண்டு தரம் கேட்டாள். ஒருமுறை அவளோடு படிப்பிக்கும் ஆசிரியை கார் பழகி முடித்தபோது. இன்னொரு முறை எனக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை செய்து ஒரு மாதம் ஓட்டவேண்டாம் என்றபோது. இரண்டு தரமும் நான் சொன்ன பதில் ஒன்றுதான், கிளச் போயிடும். இருபத்தைந்து பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் எழுத்துப் பழக்குகிறவளுக்கு மூன்று மிதிகட்டை பழக வராது என்று நான் எந்த வாயால் சொன்னேனோ தெரியாது.

மூன்றாம் தரம் அவள் கேட்கவில்லை. நான் அதை நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு கார் இறக்குமதியை நிறுத்தினார்கள். பழைய கார்களுக்குப் பெண் பார்க்க வருவது மாதிரி ஆட்கள் வந்தார்கள். ஒரு தரகர் போர்ட்டிகோவில் குந்தியிருந்து அடித்தகரத்தை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "மாத்தயா, கார் எக்க தெனவத?" என்று கேட்டார். காரைத் தருகிறீர்களா என்று சிங்களத்தில். வாங்கிய விலையைப் போல பல மடங்கு சொன்னார். நான் சிரித்துக்கொண்டு மறுத்தேன். அன்று முழுக்க எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

வரிசை

அடுத்து, நாட்டிடம் டொலர் தீர்ந்துபோய், வரிசைகளின் வருடம் வந்தது. பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. கொட்டாஞ்சேனை அறையில் சமைக்க காஸ் இல்லாமல் ஜெயம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். ஓய்வுபெற்றிருந்தான். நாள் முழுக்க சறோவோடு அரட்டை. வீடு கலகலவென்று இருந்தது. வெளியே அவ்வளவு கஷ்டம், உள்ளே அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் நல்ல காலம் என்றுதான் சொல்லவேண்டும்.

நான் இரண்டு நாள் பெற்றோல் வரிசையில் காரிலேயே கிடந்து டாங்கியை நிரப்பிக்கொண்டு வந்தேன். வந்து போர்ட்டிகோவில் விட்டுப் போர்த்தினேன். "இனி இதை எடுக்கிறதில்லை. அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று சொல்லிச் சாவியைச் சுவாமியறை வாசல் கொக்கியில் மாட்டினேன்.

ஒருநாள் விடியற்புறம் காஸ் லொறி வருகுது என்று கேள்விப்பட்டு வெறும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு காலி வீதிக்குப் போனேன். முதல்நாள் மின்வெட்டில் போன் சார்ஜ் ஏறவில்லை. பாதி வழியில் அது செத்துவிட்டது. வீட்டிலிருந்து நான் நின்ற இடம் ஒரு மைல்கூட வராது, ஆனால் எந்த இடம் என்று வீட்டில் தெரியாது.

காலை ஏழு மணிபோல ஜெயம் கோப்பிக் கோப்பையைப் பிடித்தபடி ஏதோ சொல்ல வந்தானாம். வாய் ஒரு பக்கம் இழுத்ததாம். கோப்பை விழுந்ததாம். சறோ பகிடி விடுகிறான் என்று நினைத்தாளாம்.

எனக்குப் போன் எடுத்தாள். நான் இல்லை. அம்புலன்ஸுக்கு எடுத்தாள். எல்லா வண்டியும் வெளியே, முதலில் திரும்பி வருவதை அனுப்புகிறோம் என்றார்கள். ஒழுங்கை முனைக்கு ஓடினாள். வழக்கமாக ஐந்து ஓட்டோ நிற்கிற இடத்தில் ஒன்றும் இல்லை, எல்லாம் பெற்றோல் வரிசையில். மேல்வீட்டு பரீனா ஓடி வந்தாள். அவள் கார் ஓட்டுவாள், ஆனால் அவளுடைய காரில் ஒரு சொட்டு இல்லை. என் காரில் டாங்கி நிறைய.

இரண்டு பேருமாகப் போர்வையை இழுத்து எறிந்து, ஜெயத்தைத் தூக்கிப் பின் ஆசனத்தில் கிடத்தினார்கள். பரீனா ஏறினாள். அவளுக்குக் கியர் தானாக மாறுகிற கார்தான் ஓட்டத் தெரியும். கார் குதித்து நின்றது. மறுபடியும் குதித்து நின்றது. கேற்றடியில் நாலாம் தரமும் நின்றதும் அவள் இறங்கி அழத் தொடங்கினாள். சறோ ஓட்டுநர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். "ஏறுவமோ எண்டு யோசிச்சன், ஆனா எந்தக் காலால எதை மிதிக்கிறது எண்டு மறந்துபோச்சு" என்று பிறகு ஒருநாள் சொன்னாள்.

காஸ் லொறி வரவில்லை. நான் வெறும் சிலிண்டரோடு வந்தபோது பதினொரு மணி தாண்டிவிட்டது; அம்புலன்ஸ் வந்திருக்கவில்லை, கார் பாதி கேற்றுக்கு உள்ளே, பாதி வெளியே நின்றது. முதலில் என் கண் போனது எங்கே தெரியுமா? கேற்றில் உரசி இடது கதவில் விழுந்திருந்த கீறலில். இதை நான் இதுவரைக்கும் ஒருவருக்கும் சொன்னதில்லை. பின் ஆசனத்தில் ஒரு மனிதன் கிடக்க, நான் முதலில் பார்த்தது கீறலைத்தான்.

பிறகு ஏறினேன். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. அது ஒருநாளும் என்னை நடுவழியில் விட்டதில்லை. வெறிச்சோடிய காலி வீதியில் பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி வந்துவிட்டது. பின்னால் சறோவின் மடியில் கிடந்த ஜெயம் அசைய அசைய பிளாஸ்டிக் உறை சரசரவென்று சத்தம் போட்டது. அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

"எத்தனை மணிக்கு தொடங்கினது?" என்று டொக்டர் கேட்டார்.

சறோ சொன்னாள்.

"இவ்வளவு நேரமும் என்ன செய்தனீங்கள்? உடன கொண்டு வந்திருந்தா இரத்தக்கட்டி கரைய ஊசி போட்டிருக்கலாமே. வீட்டில வாகனம் இல்லையா?"

சறோ என்னைப் பார்க்கவில்லை. "இருந்தது டொக்டர். ஓட்ட ஆள் இல்லை" என்றாள்.

ஸ்டிக்கர்

ஜெயம் பிழைத்துக்கொண்டான். வலது பக்கம் வரவில்லை. பேச்சும் வரவில்லை. "ஓம்" என்று மட்டும் வரும், அதுவும் எல்லாவற்றுக்கும். பசிக்குதா, ஓம். நோகுதா, ஓம். கதை சொல்லியே முப்பது வருடம் பிழைத்தவன் எங்கள் முன்னறைக் கட்டிலில் ஒரே சொல்லோடு கிடக்கிறான். தறி செய்த மனிதரின் கதையை இன்று நான் எழுதவேண்டி வந்தது அதனால்தான். அவன் சொன்னால் இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பான்.

ஆசனத்து உறைகளை நானே கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தேன். கீழே இருந்த துணி இளநீலம். புதுத்துணி மாதிரியே இருந்தது. கதவின் கீறலை அப்படியே விட்டிருக்கிறேன். தரகர்கள் அதைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறார்கள்.

கிழமைக்கு ஒருதரம் ஜெயத்தை உடற்பயிற்சி சிகிச்சைக்குக் கூட்டிப் போகிறேன். போன மாதம் முன் ஆசனத்தில் ஏற்றிப் பட்டியைக் கட்டிவிட்டு நான் மற்றப் பக்கம் ஏறியபோது, அவன் இடக்கையை மெல்ல உயர்த்தினான். கண்ணாடி மூலையில் மங்கிப்போயிருந்த அந்த ஜப்பான் ஸ்டிக்கரை ஒரு தட்டுத் தட்டினான். பிறகு என்னைப் பார்த்து, இழுத்த வாயால் சிரித்தான்.

எனக்குச் சாவியைத் திருப்ப முடியவில்லை.

அன்று பின்னேரம் சறோ முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் சாவியை எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் நீட்டினேன்.

"சறோ, ஞாயிற்றுக்கிழமை இரத்மலானைப் பக்கம் போவமா? நீர் ஓட்டிப் பழகும். நான் பக்கத்தில சும்மா இருக்கிறன்."

அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சாவியை வாங்கினாள். முகத்தில் கோபம் இல்லை, குத்திக் காட்டுகிற தொனியும் இல்லை. மழை வரும்போல இருக்கு என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

"வேண்டாம், இஞ்சருங்கோ. கிளச் போயிடும்."

உள்ளே போய், சாவியைச் சுவாமியறை வாசல் கொக்கியில் மாட்டிவிட்டு, ஜெயத்துக்குக் கஞ்சி வார்க்கப் போனாள்.